பரங்கிமலை எரிமலைக் குழம்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் பாறைகள் உருவாகும் விதம் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தோம். பாறைக்கு என்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் உள்ள மூன்று பிழைகளைத் திருத்தாமல் விட மனம் வரவில்லை. தமிழகத்துக் குன்றுகள் எரிமலைக் குழம்பு ஆறி இறுகியவை என்கிறது கட்டுரை. பாறை உருகி மறுபடி இறுகுவதுதான் உருமாற்றம் என்கிறது. பரங்கிமலையின் படத்துக்குக் கீழே 'கருங்கல் என்னும் கிரானைட், தீப்பாறை' என்று அச்சிட்டிருக்கிறது. மூன்றும் வகுப்பறைகளில் ஆண்டாண்டாகச் சொல்லப்படுபவை. இப்படி எழுதினால் தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். நாங்கள் நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

பரங்கிமலையிலிருந்தே தொடங்குகிறோம். அங்கும் பல்லாவரத்திலும் உள்ள கல்லுக்கு உலகமெங்கும் நிலவியலாளர் வழங்கும் பெயர் சார்னொகைட். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை கொல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அதன் மேல் பதித்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல் இந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். 1900-இல் இதைப் பற்றி விரிவான ஆய்வேடும் வெளியிட்டார். இன்று நார்வே, இலங்கை, அண்டார்டிகா என எங்கே இந்தக் கல் கிடைத்தாலும் பெயர் இதுதான். பரங்கிமலைப் பாறையைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகவும் அறிவித்திருக்கிறார்கள். உலகுக்கே மாதிரியாக நிற்கும் ஒரு கல்லைத்தான் தங்கள் கட்டுரை 'கிரானைட்' என்று கடந்து போகிறது.

பெயர்தானே, போகட்டும் என்று விடவும் முடியவில்லை. பிறந்த கதையே வேறு. உண்மையான கிரானைட்டில் குவார்ட்ஸும் (கிராமத்தில் வெங்கச்சங்கல் என்பது இதுதான்) ஃபெல்ஸ்பாரும் பெரும்பகுதி. அவற்றோடு நம் ஊரில் காக்காப்பொன் என்று சொல்லும் மைக்கா கொஞ்சம். மைக்காவின் படிக அமைப்புக்குள் நீர் கட்டுண்டு இருக்கிறது. அந்த நீர் அங்கே தங்க வேண்டுமானால் சூடு ஓரளவுக்கு மேல் போகக்கூடாது. நிலத்தின் அடியில் 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில், 700 முதல் 850 டிகிரி செல்சியஸ் சூட்டில், காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 7,000 மடங்கு அழுத்தத்தில் ஒரு பாறை நெடுங்காலம் கிடந்தால் மைக்கா நீரை விட்டுவிடுகிறது. அதில் இருந்த இரும்பும் மக்னீசியமும் ஹைப்பர்ஸ்தீன் என்ற, நீரே இல்லாத, பழுப்பும் பச்சையும் கலந்த கனிமமாக மாறி அமர்கின்றன. ஹைப்பர்ஸ்தீன் இருந்தால் சார்னொகைட், இல்லையென்றால் இல்லை. கரியமில வாயு மிகுந்த ஆவி அடியிலிருந்து ஊடுருவி நீரை வெளியே தள்ளியதும் உண்டு. அந்த வாயு நுண்ணிய குமிழ்களாக இன்னமும் குவார்ட்ஸுக்குள் அடைபட்டுக் கிடப்பதை நுண்நோக்கியில் பார்க்கலாம். வறண்ட பாறைக்குழம்பிலிருந்து நேரே படிகமான சார்னொகைட்டும் சில இடங்களில் உண்டு. அதுவும் ஆழத்தில் நடந்ததே தவிர எரிமலை வாயில் நடந்தது அல்ல.

மாற்றம் பாதியில் நின்றுபோன இடத்தைப் பார்த்தால் இது எளிதாக விளங்கும். கர்நாடகத்தில் கப்பல்துர்கா என்ற ஊரின் கல்குவாரியில், வெளிர் சாம்பல் நிற நைஸ் (வரிவரியான உருமாற்றப் பாறை) நடுவே கரும்பச்சைத் திட்டுகள் தெரியும். துணியில் எண்ணெய் பட்டுப் பரவியது போல இருக்கும். நைஸின் வரி ஒன்றைக் கண்ணால் பின்தொடர்ந்து போனால் அது பச்சைத் திட்டின் ஓரத்துக்கு வந்ததும் மங்கி, உள்ளே போய் மறைந்துவிடும். ஒரே கல், ஒரு பக்கம் மைக்கா, மறு பக்கம் ஹைப்பர்ஸ்தீன். நடுவில் எதுவும் உருகி ஓடவில்லை.

சென்னைச் சார்னொகைட்டின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அது எரிமலையாக மேலே எழும்பி வரவும் இல்லை. அதன் தலைமேல் இருந்த 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறைச் சுமை மழையிலும் ஆற்றிலும் கரைந்து அரிந்து போக, பாரம் குறையக் குறைய அடித்தளம் மெல்ல மேலே வந்தது. நாம் இன்று பரங்கிமலைப் படிக்கட்டில் ஏறும்போது மிதிப்பது ஒரு பழைய மலைத்தொடரின் அடிவேரை. ஆறிய எரிமலைக் குழம்பைப் பெரும்பரப்பில் காட்ட வேண்டுமானால் மகாராஷ்டிரத்துக்குப் போக வேண்டும். அங்கே ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுக்கு முன் பரவிய தக்காணப் பசால்ட் அடுக்கடுக்காக நிற்கிறது. அந்த அடுக்கு தமிழகத்துக்குள் வரவில்லை.

இனி 'உருகி மறுபடி இறுகுவது உருமாற்றம்' என்ற வரி. கட்டுரையில் மிகப் பெரிய பிழை இதுதான். உருகிவிட்டால் அது பாறைக்குழம்பு. அது இறுகினால் தீப்பாறை. உருமாற்றம் என்பது பாறை திடமாக இருக்கும்போதே அதற்குள் கனிமங்கள் மாறுவது. குயவர் சூளையை நினைத்துப் பார்க்கலாம். பச்சைப் பானை சூளையில் வெந்து வேறு பொருளாகிறது. நிறம் மாறுகிறது, தட்டினால் ஓசை மாறுகிறது, தண்ணீரில் கரையாத தன்மை வருகிறது. ஆனால் வடிவம் அப்படியே நிற்கிறது. உருகியிருந்தால் சூளையில் பானை இருக்காது, கட்டிதான் கிடக்கும். பாறைக்குச் சூளையின் சூட்டோடு அழுத்தமும் சேர்கிறது, காலமும் சேர்கிறது.

அழுத்தம் ஒரு திசையில் மிகுந்தால் மைக்கா போன்ற தகட்டுக் கனிமங்கள் அதற்குக் குறுக்காகப் படுத்துவிடும். நைஸ் பாறையின் கறுப்பு வெள்ளை வரிகளும் சிஸ்ட் பாறையின் அடுக்கு உரிதலும் இப்படி வந்தவை. கல் உடைப்பவர்கள் எந்தப் பக்கம் ஆப்பு வைத்தால் பலகையாகப் பிளக்கும் என்று கைப்பழக்கத்தில் அறிந்து வைத்திருப்பதும் இந்தத் திசையைத்தான்.

சூடு இன்னும் ஏறி, நீரும் கொஞ்சம் இருந்தால், 650 டிகிரி வாக்கில் நைஸின் வெளிர் பகுதி மட்டும் உருகத் தொடங்கும். கறுப்புப் பகுதி உருகாமல் நிற்கும். இரண்டும் குழைந்து நெளிந்து கிடக்கும் நிலையில் ஆறினால் வருவது மிக்மடைட். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து 'பாரடைசோ' என்ற வணிகப் பெயரில் ஏற்றுமதியாகும் அலையலையான கல் இதுதான். ஓட்டல் முகப்பிலோ வங்கிச் சுவரிலோ அதைப் பார்த்தால் சற்று நின்று பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை நெளிவு உருகிய பகுதி; அதன் ஓரத்தில் கறுப்புக் கரை போட்டது போல் இருப்பது, உருகக் கூடியதை இழந்தபின் மிஞ்சிய சக்கை.

உருமாறிய கல்லைப் பார்த்து அதன் முந்தைய பிறவியைச் சொல்ல முடியும் என்பதை மாணவர்களுக்குக் கற்றுக் கொடுப்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். கோவையை அடுத்த மதுக்கரையிலும் நெல்லையை அடுத்த தாழையூத்திலும் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல் சர்க்கரைக் கட்டி போல் பளபளக்கும் படிகமாக இருக்கிறது. அது முன்னொரு காலத்தில் கடலடிச் சுண்ணாம்புச் சேறு. சேலம் கஞ்சமலையில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் இரும்புக்கல், பழைய கடலில் இரும்பும் சிலிக்காவும் அடுக்கடுக்காகப் படிந்து பின்னர் ஆழத்தில் வெந்தது. தென் மாவட்டங்களில் வெட்டும், 'காஷ்மீர் ஒயிட்' என்று கடையில் விற்கும் வெள்ளைக் கல்லில் சிவப்புப் புள்ளி புள்ளியாக இருப்பது கார்னெட். அதுவும் உயர்ந்த சூட்டில் உருமாறிய பாறையே. காஷ்மீருக்கும் அதற்கும் தொடர்பு இல்லை, கிரானைட்டுக்கும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய், காவிரி இவற்றுக்குத் தெற்கே உள்ள பாறைகளில் பெரும்பகுதி ஏறத்தாழ 55 கோடி ஆண்டுக்கு முன் மீண்டும் ஒருமுறை வெந்திருக்கிறது. சென்னைக் கல்லையும் மதுரைக் கல்லையும் ஒரே வயதாக எழுதக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

மணற்பாறை உருமாறினால் குவார்ட்சைட். இரண்டையும் பிரித்தறியச் சுத்தியல் போதும். மணற்பாறை உடைந்தால் மணல்மணிகளைச் சுற்றிக்கொண்டு உடையும், முகம் சொரசொரப்பாக இருக்கும். குவார்ட்சைட் மணிகளை ஊடறுத்து உடையும், முகம் வழவழப்பாகவும் ஓரம் கத்தி போலவும் இருக்கும். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்காலக் கைக்கோடரி, அங்கே சுற்றிலும் நிறைந்திருக்கும் சார்னொகைட்டில் செய்ததல்ல, குவார்ட்சைட்டில் செய்தது. எந்தக் கல்லில் கூர்மை வரும் என்பதை அந்த மனிதர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

தீப்பாறை தமிழகத்தில் இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நிறைய இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் நிலத்துக்கு மேல் கொட்டியதல்ல, உள்ளேயே அடைபட்டு ஆறியது. ஆறும் வேகம்தான் படிகத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. கற்கண்டு காய்ச்சுபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பாகை அசைக்காமல் வாரக்கணக்கில் விட்டுவைத்தால் கட்டி கட்டியாகப் படிகம் இறங்கும். அதே பாகைக் கிளறி விரைவாக ஆறவிட்டால் பொடிச் சர்க்கரைதான். எரிமலையிலிருந்து 1,100 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெளியே வந்த குழம்பு சில நாளில் ஆறுவதால் படிகம் கண்ணுக்கே தெரியாது. பல கிலோமீட்டர் ஆழத்தில் பெரும் அடைசலாக நின்றது ஆற லட்சக்கணக்கான ஆண்டாகும். படிகம் அரிசி அளவு, சில சமயம் அவரைக் கொட்டை அளவு வரும். கிரானைட் இப்படிப் பிறப்பது. கடைசியாக மிஞ்சும், நீர் மிகுந்த குழம்பு வெடிப்புகளில் புகுந்து ஆறினால் பெக்மடைட். அதில் ஒரு ஃபெல்ஸ்பார் படிகமே கைநீளம் இருக்கும். காங்கேயம் வட்டாரத்தில் கிடைக்கும் மணிக்கற்களில் பல இந்தப் பெக்மடைட்டைச் சேர்ந்தவை.

எரிமலைக் குழம்புக்கும் கிரானைட்டுக்கும் நடுவே நிற்பது டோலரைட். அது பாறை வெடிப்புகளுக்குள் சுவர் போல ஏறி ஆறியது. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் பக்கத்தில் வெட்டும் 'கறுப்பு கிரானைட்' இந்த டோலரைட் சுவர்தான். அதை வெட்டும் பள்ளத்தில் ஒரு பாடம் கண்முன்னால் இருக்கிறது. சுவரின் ஓரம், பழைய குளிர்ந்த பாறையைத் தொட்ட இடத்தில், மாவு போல் நுண்மணியாக இருக்கும். அங்கிருந்து நடுவை நோக்கி நடந்தால் மணி படிப்படியாகப் பருக்கும். ஓரம் சட்டென்று ஆறியது, நடு மெதுவாக ஆறியது. ஓரத்தில் வெடிப்பும் அதிகம் என்பதால் பெரிய பாளம் நடுப்பகுதியில்தான் கிடைக்கும். பாறை ஆறிய வேகத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறு இல்லை.

ஒரு கல் ஒரே பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் உள்ள அனார்த்தசைட் பாறைக்குழம்பில் ஃபெல்ஸ்பார் படிகங்கள் திரண்டு சேர்ந்ததால் உண்டானது. பிற்காலத்தில் ஆழத்தில் உருமாற்றமும் அடைந்தது. தீப்பாறையாகப் பிறந்து உருமாறியது என்றுதான் சொல்ல வேண்டும். நிலவின் மேட்டு நிலப் பாறையை ஒத்திருப்பதால், இந்தக் கல்லைப் பொடித்துத்தான் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் சந்திரயான் 2-க்கான சோதனைக்குச் செயற்கை நிலவு மண் செய்தது.

படிவுப் பாறைக்குத் தங்கள் கட்டுரை நான்கே வரி கொடுத்திருக்கிறது. அரியலூரும் பெரம்பலூரும் இருக்கும் மாநிலத்தில் இது மிகக் குறைவு. ஏறத்தாழ 11 கோடி முதல் 6.6 கோடி ஆண்டு வரை அங்கே கடல் பலமுறை உள்ளே வந்து போயிருக்கிறது. ஆறு கொண்டுவந்த களிமண், மணல், கடலுயிர்களின் ஓடு எல்லாம் அடுக்கடுக்காகப் படிந்தன. மேலே சுமை ஏற ஏற அடியில் இருந்த நீர் பிழியப்பட்டது. மணிகளுக்கு இடையே ஊறிய நீரிலிருந்து சுண்ணாம்போ சிலிக்காவோ இரும்போ இறங்கிப் பசையாகக் கட்டியது. அந்தப் பசைதான் மணலைப் பாறையாக்குகிறது. அழுத்தம் மட்டும் போதாது. பசை சிலிக்காவானால் கல் கெட்டி, சுண்ணாம்பானால் மழைநீரிலேயே மெல்லக் கரையும், இரும்பானால் செந்நிறம். காரை முதல் குலக்கல்நத்தம் வரை நீளும் செம்மண் ஓடைப் பள்ளங்களில் இந்த அடுக்குகளைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். கல்லக்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பழைய பவளத்திட்டோடு சேர்ந்தது. கருடமங்கலத்துச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் நெருக்கமாகப் பதிந்து கிடக்கின்றன.

சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரத்தை 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். அந்த மரமும் சரி, திருவக்கரைக் கல்மரங்களும் சரி, வெந்து கல்லானவை அல்ல. வெந்திருந்தால் கரியாகியிருக்கும். மரம் மணலிலும் சேற்றிலும் விரைவாகப் புதைந்து காற்று படாமல் போனது. மட்கும் வேகம் குறைந்தது. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்துளைகளில் முதலில் நிறைந்தது, பிறகு செல்சுவரின் இடத்தையும் பிடித்தது. அதனால்தான் வளையமும் துளையும் அப்படியே தெரிகின்றன. திருவக்கரையில் கிடப்பவை அடிமரங்கள். வேரும் கிளையும் இல்லை. அவை அங்கே வளர்ந்தவை அல்ல, வெள்ளம் அடித்துக் கொண்டுவந்து கடலூர் மணற்பாறையில் புதைத்தவை என்பதற்கு அதுவே சான்று. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் செடிகொடியிலிருந்து வந்ததுதான். ஆனால் அங்கே சிலிக்கா வந்து இடம் பிடிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் குவிந்த தாவரமே சுமையில் அமுங்கிக் கரிமச்சத்து மிகுந்துபோனது.

தீப்பாறை, உருமாற்றப் பாறை, படிவுப் பாறை என்ற மூன்று பெட்டிகளுக்கும் சரியாகப் பொருந்தாத கற்கள் தமிழர் வாழ்வில் நிறைய உண்டு. செம்புரைக்கல் மேலிருந்து இறங்கும் மழைநீர் சிலிக்காவைக் கழுவிக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் மிஞ்சியதால் உண்டாவது. பிரான்சிஸ் புக்கானன் கேரளத்து அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்து, 1807-இல் வெளியான தம் நூலில் லேட்டரைட் என்று பெயரிட்டார். தோண்டும்போது ஈரத்தில் மெதுவாக இருப்பதால் கோடரியாலேயே சதுரமாகச் செதுக்கலாம். காற்றில் உலர்ந்தபின் இறுகும். சேலத்துச் சுரங்கங்களின் வெள்ளை மாக்னசைட், ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் நிறைந்த டுனைட் பாறையின் வெடிப்புகளில் கரியமில வாயு கலந்த நீர் ஊடுருவியதால் நரம்பு நரம்பாக உண்டானது. அதே வகைப் பாறையோடு நீரும் சிலிக்காவும் சேர்ந்து மாற்றிய இன்னொரு பொருள் மாக்கல். கல்சட்டி அதில்தான் குடைகிறார்கள். அதில் உள்ள டால்க் நகத்தால் கீறுமளவு மென்மை. சூட்டை நெடுநேரம் பிடித்து வைக்கும். புதுச் சட்டியை நேரே பெருந்தீயில் வைத்தால் நுண்துளையில் தங்கிய ஈரம் ஆவியாகி விரிசல் விடும். அதனால்தான் சுடு கஞ்சியை ஊற்றி ஊற்றி நாள்கணக்கில் பழக்குகிறார்கள்.

இதெல்லாம் ஏட்டுப்படிப்பு என்று யாரும் எண்ண வேண்டாம். கடையில் 'கிரானைட்' என்று ஒரே பெயரில் விற்பதால் வீட்டில் நேரும் கெடுதல் ஒன்று சொல்கிறோம். கார்னெட் புள்ளி உள்ள வெள்ளைக் கல்லை ஆசிட் ஊற்றிக் கழுவினால் கார்னெட்டில் உள்ள இரும்பு கசிந்து மஞ்சள் கறை படியும். அதன்பின் எடுப்பது கடினம். மெழுகிட்டு, சோப்பு நீரில் துடைத்தால் போதும். கறுப்புக் கல்லில் வேறு சிக்கல். வெளிர் சாம்பல் டோலரைட்டுக்குச் சாயமேற்றிக் கன்னங்கறுப்பாக விற்பவர்கள் உண்டு. வாங்குமுன் வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து, மெருகு போட்ட முகத்திலும் அறுத்த பக்கவாட்டிலும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் அது சாயம். டோலரைட்டின் இயற்கைக் கறுப்பு கனிமத்தின் நிறம், துணிக்கு வராது.

கோயில் திருப்பணியிலும் பாறையின் பிறப்பை அறியாததால் சேதம் நடக்கிறது. மணல் வீச்சால் தூண்களைச் சுத்தம் செய்தால் அழுக்கோடு கல்லின் மேல்தோலும் போய், மைக்கா இருக்கும் வரிகளில் நுண்வெடிப்பு திறந்துகொள்கிறது. அடுத்த மழைக்கு நீர் உள்ளே போகும். கடற்கரைக் கோயில்களில் உப்பு இறங்கி, துளைக்குள் படிகமாகி, மணியைத் தள்ளி உதிர்க்கிறது. மாமல்லபுரத்தில் காகிதக்கூழை ஈரமாக அப்பி, உலரும்போது உப்பை உறிஞ்சி எடுக்கும் முறையைத் தொல்லியல் துறை கையாள்கிறது. அடர்ந்த கல்லுக்கும் அந்த அளவு பொறுமை தேவைப்படுகிறது. சுண்ணாம்புப் பசையால் கட்டிய கடலோர மணற்பாறைக்கு இன்னும் அதிகம் தேவை.

மாணவர் பக்கத்தில் ஒரு செய்முறை வெளியிட இடம் இருந்தால் கீழ்க்கண்டதைப் போடலாம். செலவில்லாதது.

முதலில் கல்லை உடைத்துப் புதுமுகம் காண வேண்டும். வெயிலும் மழையும் பட்ட மேல்தோல் எல்லாக் கல்லிலும் பழுப்பாகத்தான் இருக்கும்; அதைப் பார்த்து நிறம் எழுதினால் எல்லாக் கல்லும் ஒன்றாகிவிடும். சில்லு தெறிக்கும் என்பதால் கல்லைச் சாக்கில் சுற்றி, கண்ணாடி அணிந்து ஆசிரியர் உடைக்கட்டும். அடுத்து இரும்பு ஆணியால் கீறிப் பார்க்கவும். ஆணி கல்லில் கோடு போட்டால் கால்சைட், டால்க் போன்ற மென்கனிமம். கல்மேல் ஆணியின் இரும்புத் தூள் சாம்பல் கோடாகப் படிந்தால் அது கீறல் அல்ல, ஆணி தேய்ந்தது. விரலால் துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

பிறகு எலுமிச்சைச் சாறு. கல்லின் மேல் விட்டால் மெதுவாகத்தான் பொங்கும். ஒரு சிட்டிகை பொடி செய்து அதன்மேல் விட்டால் சுண்ணாம்புக்கல்லானால் உடனே நுரைக்கும். இதில் ஒரு பெரும் கோளாறு உண்டு. ஓடைக்கரையில் எடுத்த சார்னொகைட்டும் நைஸும் கூடச் சில சமயம் பொங்கும். காரணம், வெடிப்பிலும் மேலும் படிந்திருக்கும் சுக்கான். கல் தீப்பாறையோ உருமாற்றப் பாறையோ, மேலே பிற்காலத்தில் ஒட்டிய சுண்ணாம்பு பொங்குகிறது. அதனால் உடைத்த முகத்தின் நடுவிலிருந்து மட்டும் பொடி எடுக்க வேண்டும். மாறாக, சேலத்து மாக்னசைட் கார்பனேட்டாக இருந்தும் குளிர்ந்த சாற்றுக்குப் பொங்காது. வெள்ளையாக இருக்கிறது, பொங்கவில்லை, ஆகவே குவார்ட்ஸ் என்று எழுதிவிடுவார்கள். குவார்ட்ஸ் கண்ணாடியை ஆழமாகக் கீறும், மாக்னசைட்டால் முடியாது. இதை வைத்துப் பிரித்துவிடலாம்.

கடைசியாக எடை. அரைக் கிலோவுக்குக் குறையாத கல்லை நூலில் கட்டி வில்தராசில் தொங்கவிட்டுக் குறித்துக்கொள்ளவும். அதையே வாளித் தண்ணீரில், அடியும் ஓரமும் படாமல், முழுதும் மூழ்கவிட்டு மறுபடி குறிக்கவும். முதல் எடையை, இரண்டு எடைக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்தால் அடர்த்தி. காற்றில் 600 கிராம், நீரில் 375 கிராம் என்றால் 600-ஐ 225-ஆல் வகுக்க 2.67 வரும், கிரானைட்டும் வெளிர் நைஸும் இந்த வாக்கில் இருக்கும். நீரில் 400 கிராம் காட்டினால் 3.0, டோலரைட் அந்தப் பக்கம். கஞ்சமலை இரும்புக்கல் 3-ஐத் தாண்டும், நூலில் தொங்கும் காந்தத்தையும் தன் பக்கம் இழுக்கும். மணற்பாறையிலும் செம்புரைக்கல்லிலும் குமிழி வந்துகொண்டே இருக்கும். அது நிற்கும்வரை ஊறவிட்டு அதன்பின் குறிக்க வேண்டும், இல்லையென்றால் துளைக்காற்று கணக்கைக் கெடுக்கும். கல் 100 கிராம் அளவில் சிறியதாக இருந்தால் தராசின் ஒரு கோடு தவறினாலே விடை வேறு பாறைக்குப் போய்விடும்.

இந்தச் செய்முறைக்குச் சாலையோர ஜல்லியும் ஓடைக்கல்லும் போதும். சாத்தனூர், திருவக்கரை, காரை ஆகிய இடங்களிலிருந்து ஒரு துண்டு கூட எடுக்கக் கூடாது என்பதை அதே பக்கத்தில் கட்டம் கட்டி வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம். காரையில் சிப்பிப் படிவங்களைப் பொறுக்கிக்கொண்டு போனால் எந்த அடுக்கில் இருந்தது என்ற செய்தி அழிந்துவிடும்; அதன்பின் அது வெறும் அலங்காரக் கல்தான்.

பிழை திருத்தமாகத் தாங்கள் வெளியிட வேண்டியது மூன்று வரி. பரங்கிமலைப் படத்தின் கீழ் 'சார்னொகைட்: ஆழத்தில், நீரில்லாச் சூழலில், மிகுந்த சூட்டில் உருவான பாறை' என்று மாற்றுங்கள். உருமாற்றத்துக்கு 'உருகாமல், திட நிலையிலேயே' என்ற சொற்களைச் சேருங்கள். 'கருங்கல்' என்பது கட்டட வேலையில் கெட்டியான கறுத்த கல் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர், ஒரு பாறை வகையின் பெயர் அல்ல என்று குறிப்பிடுங்கள். அடுத்த கட்டுரைக்கு எங்கள் உதவி தேவையென்றால், மேலே சொன்ன கற்களில் 12 மாதிரிகளை, உடைத்த முகத்தோடு, படமெடுக்கத் தருகிறோம்.

இப்படிக்கு,
நிலவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் மூவர்,
சேலம்.